கல்விச் செலவை ஒப்பிட்டு டீக்கடையில் ஜெயிப்பது எப்படி?

கம்பத்திலோ சின்னமனூரிலோ போடியிலோ புதிதாகக் குடியேறி, காலை நேரத்து டீக்கடை வாதத்தில் தனக்கென்று ஒரு பெஞ்சு பிடிக்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

எதில் இறங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் விலையில் வாய் கொடுக்காதீர்கள். போடியில் நேற்றைய ஏலம் எத்தனைக்கு முடிந்தது என்பது டீ ஆற்றுகிறவருக்கே தெரியும். பெரியாறு அணையும் வேண்டாம். நீர்மட்டம் 142 அடிக்கும் 152 அடிக்கும் நடுவில் ஒரு தலைமுறை பேசியே தலை நரைத்திருக்கிறது. கட்சி விவகாரத்தைத் தொட்டால் எந்த மாமா எந்தக் கட்சி என்று தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். மிச்சமிருக்கும் பத்திரமான துறை ஒன்றுதான்: கல்விக்கு அரசு செய்யும் செலவு. அதையும் இரண்டு நாடுகளை வைத்து, ஐம்பது அறுபது வருஷத்துக்கு நீட்டிப் பேச வேண்டும். அத்தனை தூரம் நீட்டினால் குறுக்கே வர யாருக்கும் பொறுமை இருக்காது.

எதிரில் உட்காருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரை ‘சார்’ என்றே கூப்பிடுங்கள். அவர் உங்களைத் ‘தம்பி’ என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவர். கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளமும் ஓய்வூதியமும்தான் என்பதால், புள்ளிவிவரத்தின் ஒரு பகுதியே உங்கள் எதிரில் உட்கார்ந்து வடை சாப்பிடுகிறது. அவரை நேரடியாகத் தாக்க வேண்டாம்.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

பின்லாந்து வேண்டாம். எல்லோரும் அதையே சொல்கிறார்கள். தவிர, மறுத்துப் பேச ஆளில்லாத நாட்டை வைத்து வாதம் நடத்தினால் டீ ஆறுவதற்குள் வாதமும் ஆறிப்போகும். சிங்கப்பூரும் ஆகாது, கடைக்கு ஒருவருக்காவது அங்கே மச்சினன் இருப்பான், போன் போட்டுக் கேட்டுவிடுவார்.

இலங்கையை எடுங்கள். கண்டிச்சீமைத் தேயிலைக்குப் போன பாட்டன் கதை இந்தப் பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர என்று ஒரு பெயர் கையில் கிடைக்கிறது. இந்தியா விடுதலையாவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1945-ல், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்று ஆக்கிய கல்வி அமைச்சர். இந்தப் பெயரை நாக்கு தடுமாறாமல் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். உடனே காமராஜரைக் கொண்டுவருவார்கள். வரட்டும். காமராஜருக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லாமல் இலங்கையை ஜெயிக்க வைப்பதில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது.

இந்தியாவின் பக்கம் பேசுவதா, இலங்கையின் பக்கம் பேசுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை. சார் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். இரண்டுக்கும் தாராளமாகச் சான்று இருக்கிறது.

எந்த வருஷத்தில் தொடங்குவது

கோடு எங்கே போய்ச் சேருகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. எங்கிருந்து புறப்படுகிறது என்பதை நீங்கள் கவனித்தால் போதும். நம் கல்வி அமைச்சகம் தொகுத்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து கல்விக்குச் செலவிட்டது, 1951-52-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். 1960-61-ல் 1.48. 1970-71-ல் 2.11. 1980-81-ல் 2.98. 1990-91-ல் 3.84. 2000-01-ல் 4.28.

இந்தியா ஜெயிக்க வேண்டும் என்றால் 1951-ல் தொடங்குங்கள். ஐம்பது வருஷத்தில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. எந்த நாட்டுக்கும் பெருமைதான். இந்தியா தோற்க வேண்டும் என்றால் 2000-ல் தொடங்குங்கள். அதற்கப்புறம் கோடு நாலைச் சுற்றியே நடக்கிறது. அதே நாடு, அதே அமைச்சகம், அதே அட்டவணை. போடி வியாபாரி மூட்டையின் எந்த மூலையிலிருந்து சாம்பிள் எடுக்கிறார் என்பதைப் பார்த்தே விற்கிறவருக்கு முகம் மாறுவது இதனால்தான்.

இலங்கைக் கோடு எதிர்த்திசையில் வருகிறது. 1960-களில் அந்த நாடு தன் உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் கல்விக்குக் கொடுத்தது. அப்போது நாம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தோம். பிறகு அவர்கள் இறங்க, நாம் ஏற, இந்த நூற்றாண்டில் பெரும்பாலான வருஷங்களில் இலங்கை 2 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கிறது. ஆக இரண்டு கோடுகளும் நடுவழியில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. இந்த வெட்டைக் காட்டிப் படம் போட்டால் யாருக்கும் வெற்றி கிடைக்காது. சும்மா வரலாறுதான் கிடைக்கும். பாதிப் படம் போடுங்கள்.

சதவீதம் எப்படி ஏறுகிறது

மேலே கல்விச் செலவு, கீழே நாட்டின் உற்பத்தி. வகுத்தால் சதவீதம். மேலே ஒரு பைசா கூடாமலேயே சதவீதத்தை ஏற்ற முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கீழே இருப்பது சுருங்கினால் போதும்.

2020-21-ல் அதுதான் நடந்தது. நாட்டின் உற்பத்தி சுருங்கியது. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளில் சிலர் கல்வித் தொலைக்காட்சி பார்த்தார்கள், செல்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் திராட்சைத் தோட்டத்துக்குப் போனார்கள். சம்பளம் மட்டும் மாதம் பிறந்தால் போய்ச் சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள்: பாடம் நடக்காத வருஷத்தில் கல்வியின் பங்கு கூடித் தெரியும். ‘நெருக்கடியிலும் கல்விக்கு முன்னுரிமை’ என்று இதைச் சொல்லலாம். சொல்லும்போது சிரிக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான வித்தையும் இருக்கிறது. தமிழ்நாட்டு பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கு 2021-22-ல் 32,599 கோடி ரூபாய். 2025-26-ல் 46,767 கோடி. நான்கு வருஷத்தில் 43 சதவீத உயர்வு. அதே காலத்தில் மாநிலத்தின் மொத்த உற்பத்தி, விலைவாசியையும் சேர்த்து, இதைவிட வேகமாக ஏறியிருக்கிறது. தொகையைச் சொன்னால் உயர்வு. பங்கைச் சொன்னால் தாழ்வு. இரண்டுமே நிஜம் என்பதால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் உண்மை பேசிச் சண்டை போட முடிகிறது. வேறு எந்தத் துறையில் இந்த வசதி உண்டு?

ஆறு என்னும் எண்

வாதம் தொய்யும்போது ‘கோத்தாரி’ என்று சொல்லி ஆறு விரலைக் காட்டுங்கள். கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-ல் சொன்னது. 1968 கல்விக் கொள்கை அதை ஏற்றது. 1986 கொள்கை, எட்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்து ஆறைத் தாண்டிவிடுவோம் என்றது. 2020 கொள்கை, விரைவில் ஆறை எட்டுவோம் என்கிறது. அரை நூற்றாண்டில் பாடத்திட்டம் மாறியது, தேர்வு மாறியது, அமைச்சகத்தின் பெயரே இரண்டு முறை மாறியது. ஆறு மட்டும் அசையவில்லை. நாட்டின் கல்வி மரபில் இத்தனை உறுதியாகக் கட்டிக்காக்கப்பட்டது வேறொன்று இல்லை.

நான் சொல்லும் இலங்கையிலும் அதே ஆறுதான். 2012-ல் அங்கே பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. கோரிக்கை, கல்விக்கு உற்பத்தியில் 6 சதவீதம். 2015 ஜனாதிபதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன அதை வாக்குறுதியாகவே கொடுத்தார், ஜெயித்தார். அந்த ஆறு வரவில்லை. செலவில் ஒத்துப்போகாத இரண்டு நாடுகள், செய்யாத செலவில் தசம புள்ளி மாறாமல் ஒத்துப்போகின்றன.

சார் விவரமானவராக இருந்தால் ஒரு குண்டு போடுவார். கோத்தாரி குழு 1965-66-ல் 2.9 சதவீதம் என்று கணக்கிட்டுத்தான் இருபது வருஷத்தில் 6 என்று இலக்கு வைத்தது, அந்த 2.9-க்குள் அரசுப் பணத்தோடு கட்டணம், உள்ளாட்சி, நன்கொடை எல்லாம் அடக்கம். அரசு மட்டுமே ஆறு கொடுக்க வேண்டும் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட அர்த்தம். இதை அவர் சொல்லிவிட்டால் மறுக்காதீர்கள். இன்னொரு டீ சொல்லுங்கள்.

எந்தத் துறைக் கணக்கு

நம் தேனி மாவட்டத்துக்கே உரிய ஆயுதம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சார் கேட்பார்: “தம்பி, நாலு பர்சன்ட்டு, நாலு பர்சன்ட்டுங்கறீங்களே, பொருளாதார ஆய்வறிக்கையில மூணுக்குக் கீழல்ல போட்டிருக்கான்?”

நியாயமான கேள்வி. இரண்டு எண்ணும் இந்திய அரசே வெளியிடுவது. நீங்கள் பதற வேண்டாம். “சார், அது கல்வித் துறைச் செலவு. நான் சொல்றது கல்விச் செலவு” என்று சொல்லிவிட்டு ஒரு வாய் டீ குடியுங்கள். பிறகு விரலை மடக்க ஆரம்பியுங்கள். க.விலக்கில் இருக்கிற மருத்துவக் கல்லூரி? சுகாதாரத் துறை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி? வேளாண் துறை. தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி? கால்நடைத் துறை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிள்? பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை. 1956-ல் காமராஜர் விரிவாக்கி, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக மாற்றிய மதிய உணவு? சமூக நலத்துறை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு? அதுவும் சமூக நலம். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம்? அதே துறை. தமிழ்நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற செலவில் கணிசமான பகுதி கல்வித் துறையின் தலைப்பில் இல்லை.

கடைசி விரலை மடக்குவதற்கு முன் சற்று நிறுத்துங்கள். “சார், நீங்க வேலை பார்த்தது எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேளுங்கள். அரசு கள்ளர் பள்ளி என்று பதில் வந்தால் ஆட்டம் முடிந்தது.

மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து இருநூற்றுக்கும் மேற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தை பிரமலைக் கள்ளர்மீது ஏவிய ஆங்கிலேய அரசு, ஒரு கையில் ரேகைச் சட்டமும் மறு கையில் சிலேட்டுமாக 1920-களில் தொடங்கியவை. சட்டம் போய்விட்டது, பள்ளிகள் நிலைத்துவிட்டன. அவை இன்றும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இல்லை. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இன்னொரு துறையில். சென்னையில் உட்கார்ந்து பள்ளிக்கல்வி மானியக் கோரிக்கையை மட்டும் புரட்டுகிற ஆய்வாளருக்கு, கம்பம் பள்ளத்தாக்கில் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதி ஆசிரியர்கள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய சார், அந்த அட்டவணைப்படி கல்விச் செலவே அல்ல.

2023 மார்ச்சில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், பல துறைகளில் சிதறிக் கிடக்கும் இந்தப் பள்ளிகளையெல்லாம் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ் கொண்டுவருவதாக பட்ஜெட்டில் அறிவித்தார். நம் பக்கத்தில் பலத்த எதிர்ப்பு. அதற்கான காரணங்களை இங்கே பேசினால் இது வேறு வழிகாட்டியாகிவிடும். உங்களுக்கு வேண்டியது கணக்கு மட்டும்: இப்படி இணைத்தால், அந்த வருஷம் பள்ளிக்கல்வித் துறையின் செலவு ‘கிடுகிடுவென உயரும்’, ஒரு சாக்பீஸ்கூட புதிதாக வாங்காமல். பிரித்தால் ‘சரியும்’. காலப்போக்கில் ஒப்பிடும் கோட்டில் திடீரென்று ஒரு படி தெரிந்தால், அரசு மனம் திருந்திவிட்டது என்று நினைப்பதற்கு முன் கோப்பு இடம் மாறியதா என்று பாருங்கள்.

இலங்கையிலும் இந்தப் படிகள் உண்டு. 1960-61-ல் அரசு, உதவிபெறும் பள்ளிகளைப் பெரும்பாலும் தன் வசம் எடுத்துக்கொண்டது. அந்தச் செலவு அரசின் தலையில் ஏறியது. நம் ஊரில் எடுக்காமல், உதவிபெறும் பள்ளி என்ற பெயரிலேயே வைத்து, சம்பளம் மட்டும் கொடுத்துவருகிறோம். 1987-ல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்து மாகாண சபைகள் அமைந்தபின் அங்கே பள்ளிகள் தேசியப் பள்ளி, மாகாணப் பள்ளி என்று பிரிந்தன. கொழும்பு அமைச்சகத்தின் கணக்கை மட்டும் எடுத்துவந்து ‘இலங்கை இவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால், “மாகாண சபை?” என்று ஒரே சொல்லில் அடியுங்கள். பதிலுக்கு அவர் டெல்லி பட்ஜெட்டை நீங்கள் எடுத்ததாகச் சொல்லி அடிக்கலாம். கல்வி 1976-ல் பொதுப்பட்டியலுக்குப் போனாலும் செலவில் பெரும்பங்கு இன்னும் மாநிலங்களுடையதுதான்.

ரூபாயில் பேசலாமா

கூடாது. 1966 ஜூன் வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் டாலருக்கு 4.76 என்று சமமாக நின்றன. அந்த மாதம் நம் ரூபாய் 7.50-க்கு இறங்கியது; சில காலம் அவர்கள் ரூபாய் நம்மைவிடக் கனமாக இருந்தது. இன்று நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடையது மூன்றுக்கு மேல். 2022 செப்டம்பரில் அங்கே பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த வருஷம் ரூபாயில் பார்த்தால் ஒதுக்கீடு குறைந்ததாகவே தெரியாது. ஆனால் மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்துப் பள்ளிகள் தவணைத் தேர்வைத் தள்ளிவைத்தன, வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை என்று.

பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று மூன்று எண்கள் வரும். முதலாவது மேடையில் பேச. மூன்றாவது இரண்டு வருஷம் கழித்து வரும், அதற்குள் கடையில் வேறு பேச்சு. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

தோற்கும் நிலை வந்தால்

இந்தியா இன்று சதவீதத்தில் இலங்கையைவிட அதிகம் கொடுக்கிறது என்று நீங்கள் நிரூபித்த மறுகணம், கடையில் யாராவது எழுத்தறிவைக் கேட்பார்கள். 2011-ல் இந்தியா சுமார் 73 சதவீதம். 2012-ல் இலங்கை 95-க்கு மேல். முதல் தற்காப்பு: நம் கணக்கெடுப்பு ஏழு வயதிலிருந்து எண்ணுகிறது, அவர்கள் பத்து வயதிலிருந்து. இது நிஜம்தான், ஆனால் இருபது சதவீதத்தை அடைக்கப் போதாது. இரண்டாவது தற்காப்பு: இந்தியாவை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் தாவுவது, 80 சதவீதம். பாதிக் கிணறு.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. இன்று இலங்கையில் பேப்பர் படிக்கிற பாட்டியை உருவாக்கியது அறுபதுகளின் நாலு சதவீதம். இன்றைய இரண்டு சதவீதத்தின் விளைவு அவர் பேரனுக்குப் பேரன் பிறக்கும்போதுதான் தெரியும். செலவு ஒரு காலத்தில், பலன் இன்னொரு காலத்தில். ஒரே வருஷத்து இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இப்படிச் சொன்னால் கடையில் அமைதி நிலவும். அது சம்மதமில்லை, யாருக்கும் பிடிக்கவில்லை.

அதனால் நான்காவது வழி: கேரளாவுக்குப் போய்விடுங்கள். மேற்கே திரும்பி மலையைக் காட்டினால் போதும். குமுளிக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். இந்தப் பக்கம் மதராஸ் மாகாணம். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு வகையில் வேறு நாடுதான். 1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் ஆளுகைக்கு உட்பட்ட இந்தியா முழுவதற்கும் கல்விக்கென்று வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சட்டம் ஏற்றது. நாலே வருஷத்தில், 1817-ல், ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூரில் ஆணையிட்டார். 2011-ல் கேரளாவின் எழுத்தறிவு 94 சதவீதம். இரண்டு நூற்றாண்டை இரண்டு வாக்கியத்தில் தாண்டிவிட்டால் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்டால் எல்லைகளைக் கலக்கிவிடுங்கள். தேவிகுளமும் பீர்மேடும் 1956-ல் கேரளாவோடு போயின. இடுக்கி மாவட்டம் 1972-ல் வந்தது. தேனி மாவட்டம் 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய நம் எண்களெல்லாம் மதுரைக்குள் தூங்குகின்றன. அவற்றை எழுப்பி இடுக்கியோடு ஒப்பிடப் போகிறவருக்கு ஓய்வூதியம் தீரும்வரை வேலை இருக்கிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்ததையும், அதே பத்தாண்டில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கட்டடமும் கொடுத்ததையும் குறுக்கே எடுத்துப்போடலாம். கொடுத்தவர் கைக்காசு என்பதால் அரசுச் செலவுக் கணக்கில் அதற்கு இடமில்லை. பிள்ளைகள் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

சொல்லவே கூடாதது

இது ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாதம் நடத்துகிற அதே நேரத்தில், கடைக்கு வெளியே ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்காட்டு ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். அவர்கள் பறிக்கிற ஏலக்காய் கேரளத்தின் உற்பத்தியில் சேரும். அவர்கள் பிள்ளைகள் படிப்பது இங்கே, தமிழ்நாட்டுச் செலவில். அதாவது கேரளத்தின் சதவீதத்தில் அந்தத் தாய் கீழே இருக்கிறாள். தமிழ்நாட்டின் சதவீதத்தில் அவள் பிள்ளை மேலே இருக்கிறது. ஒரே குடும்பத்தைப் பிரித்து இரண்டு மாநிலக் கணக்கில் போட்டுவிட்டு, எது உயர்ந்தது என்று நாம் டீ குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிறோம்.

கடல் தாண்டினாலும் அதே கதை, இன்னும் கசப்பாக. கன்னங்கரவின் இலவசக் கல்விக்கு வேண்டிய பணத்தை அந்நாட்டுக்கு ஈட்டித் தந்ததில் தேயிலைக்குப் பெரும்பங்கு உண்டு. தேயிலை பறித்தவர்களின் பிள்ளைகள் படித்தது துரைமார் பொறுப்பில் இருந்த தோட்டப் பள்ளியில். பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார். 1948-ல் அவர்களின் குடியுரிமை போனது. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1977-லிருந்துதான், அதுவும் படிப்படியாக. உற்பத்தியின் கீழ் அவர்கள் பல தலைமுறை இருந்தார்கள். கல்விச் செலவின் மேல் அவர்கள் பிள்ளைகள் ஏறுவதற்கு இலவசக் கல்வி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இதற்கு நடுவில் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. எழுதப் படிக்க வாய்ப்புக் குறைவாகக் கிடைத்த ஒரு கூட்டத்தைக் கப்பலேற்றினால் அங்கே சராசரி எழுத்தறிவு தானாக உயரும், வந்திறங்கும் இடத்தில் தானாகத் தாழும். அதற்கு ஒரு பள்ளிக்கூடமும் கட்ட வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் நீங்கள் ஜெயிக்கவும் மாட்டீர்கள், தோற்கவும் மாட்டீர்கள். பெஞ்சு காலியாகிவிடும்.

தப்பிக்க வழியில்லாத கேள்வி

மேலே சொன்ன எல்லா வித்தையும் ஆண்கள் உட்காரும் பெஞ்சுக்கானவை. பார்சல் டீ வாங்க வந்து நிற்கும் ஒரு பெண்மணியிடம் எதுவும் பலிக்காது. அவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பார். தமிழ்நாட்டில் அந்தக் குழுக்களுக்குப் பெற்றோரான ஒரு பெண்தான் தலைவர். அவருக்கு உற்பத்தி சதவீதம் தெரியாது. முப்பதைத் தாண்டி நூறு பிள்ளைகளுக்குள் இருக்கிற பள்ளிக்கு வருஷத்துக்கு 25,000 ரூபாய், நூறைத் தாண்டி இருநூற்றைம்பதுக்குள் என்றால் 50,000 ரூபாய் என்று ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வர வேண்டும் என்பது தெரியும். 2024-25-ல் மத்திய அரசு 2,152 கோடியை நிறுத்திவைத்ததாக மாநில அரசு சொன்னபோது, அதில் தன் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று அவர் தலைமையாசிரியரைக் கேட்டிருப்பார்.

அவர் உங்களைப் பார்த்துக் கேட்பார்: “ஏண்ணே, இம்புட்டுப் பேசுறீகளே, நம்ம பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்குத் தண்ணி மோட்டாரு இந்த வருஷக் காசுல மாட்டலாமா, மாட்டக் கூடாதா?”

கோத்தாரி என்று சொல்லிப் பார்க்காதீர்கள். 1817-க்கும் போகாதீர்கள். சாரும் உதவிக்கு வரமாட்டார். அவர் அப்போது பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பார். குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை நடக்கும். வியாழக்கிழமையே விசாரித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.